யாரும் பார்க்காத நடைகள்

9 ஆகஸ்ட் 2046, வியாழன்

இன்றைய பிழை: விதிப்புத்தகம் கேட்காத வேலையைச் செய்திருக்கிறேன். பந்து கிளம்பிய நொடியிலிருந்து விசில் ஊதும் வரை ஆட்டக்காரரின் காலடிகளைக் குறித்தால் போதும். நான் ஜூன் மாதத்திலிருந்து, விசிலுக்குப் பிறகு அவர்கள் தங்கள் இடத்துக்குத் திரும்பி நடப்பதையும் குறித்து வந்திருக்கிறேன். மதுரை அணியின் 84-ஆம் எண்ணுக்கு மட்டும் அறுபத்து மூன்று நடைகள். அவற்றில் நாற்பத்தொன்றில் 'இடது கால் நொண்டல்' என்று போட்டேன். கேட்காததைச் செய்வது பிழையாகுமா என்று தெரியவில்லை. தெரியாததால் எழுதி வைக்கிறேன்.

அலுவலகக் கேண்டீனில் டீ ஆறிக்கொண்டிருந்தது. நிறைமதி எழுதியதைத் திரும்பப் படித்தாள். பெருமையடித்துக்கொள்வது போலத் தொனிக்கிறதோ என்று ஒரு சந்தேகம். மற்றவர்களைவிட நான் அதிகம் உழைக்கிறேன் என்பதற்குப் பிழை வேஷம் போட்டுவிட்டோமோ? ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டாள். அவள் குறிப்பேட்டில் கேள்விக்குறி இல்லாத பக்கம் அபூர்வம்.

"இங்கயா உக்காந்திருக்க? உன் எம்பத்திநாலு போச்சுடி" என்றபடி நஸ்ரின் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டாள். இரண்டு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து திரையில் கால் குறிக்கிறவர்கள்.

"எங்க போச்சு?"

"வீட்டுக்குத்தான். நிழல் விழுந்துருச்சு. பதினாலு மாசத்துல இடது முழங்கால் அந்துரும்னு சொல்லுது. நூத்துக்கு எம்பத்தொம்போது. மதுரை டீமே அடுத்த வருஷத்துக்கு வேணாம்னுட்டாங்க. இருபதாம் தேதி அமெரிக்காலருந்து ஆள் எடுக்க வர்றாங்கள்ல, அந்த லிஸ்ட்லயும் பேரை எடுத்தாச்சு."

"இடது முழங்காலா?"

"ஆமா. ஏன் மூஞ்சி இப்படிப் போகுது? நீயா ஒடச்ச?"

நிறைமதியின் கண் குறிப்பேட்டுக்குப் போய் வந்தது. நாற்பத்தொன்று.

84-ஆம் எண் வீரணன். உசிலம்பட்டிப் பக்கம். வயது இருபத்தொன்று. அமெரிக்கக் கால்பந்தில் வைட் ரிசீவர் என்பது அவன் இடம். ஆட்ட வரிசையின் ஓரத்தில் தனியாக நிற்பான், பந்து கிளம்பியதும் ஓடுவான். அவனை மறிக்கவென்றே எதிரணியில் ஒருவன் நிற்பான், கார்னர் என்று பெயர். அந்த ஒருவனை ஏமாற்றிவிட்டுப் போய், ஐம்பது கஜத்துக்கு அப்பாலிருந்து வருகிற பந்தைக் கையில் வாங்க வேண்டும். மூன்று மாதமாக நிறைமதி அவன் கால்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவன் குரலை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. தெருவில் எதிரே வந்தால் முகத்தை வைத்து அடையாளம் தெரிந்திருக்காது. நடையை வைத்துத் தெரிந்திருக்கும்.

*

தல்லாகுளத்தில் ஒரு கல்லூரியின் மாடியில் மாலை வகுப்பு நடக்கும். புள்ளியியல் பட்டயம், இரண்டு வருடம். மருந்துக்கடைக்காரர், லிஃப்ட் மெக்கானிக், இரண்டு ஆசிரியைகள், ஒரு தபால்காரர் என்று பதினோரு பேர். நிறைமதியின் இடம் கம்பெனி வாங்கிக் கொடுத்த இடம். குறிப்பதில் முதல் நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும் அது கிடைக்கும்.

அந்த வகுப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் தினம் ஒரு பிழையை எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை முதல் கால் மணி நேரம் அதிலிருந்து ஒன்றை எழுந்து நின்று படிக்க வேண்டும். கேட்கிறவர்கள் திட்டக் கூடாது, ஆறுதலும் சொல்லக் கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம். ஆசிரியை தெய்வானை முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஆறுதல் சொன்னா கணக்கு கெட்டுப்போகும்."

நிறைமதி வியாழக்கிழமைப் பக்கத்தைப் படித்தாள். கீழே, முந்தின மாலை சேர்த்திருந்த வரியையும் படித்தாள்: 'அந்த நாற்பத்தொரு குறியால் ஒருவரின் நிழல் விழுந்திருக்கலாம்.'

லிஃப்ட் மெக்கானிக் சுருளி கையைத் தூக்கினார். "நிழல் விழுறதுன்னா என்னம்மா? எங்களுக்கெல்லாம் வெயில்ல போனா விழுது."

வகுப்பு சிரித்தது.

"ஒரு ஆட்டக்காரர் எப்படி ஓடுறார், எந்தக் காலை எப்படி ஊன்றார்னு நாங்க குறிச்சுக் கொடுப்போம் அண்ணே. மெஷின் அதை வச்சு உள்ளுக்குள்ள அதே மாதிரி ஒரு உடம்பு செஞ்சுக்கும். அதுதான் நிழல். அந்த உடம்பு பத்து வருஷ ஆட்டத்தை ஆயிரம் தடவ ஆடிப் பார்க்கும். எந்த வருஷம் எந்த எலும்பு, எந்த நரம்பு போகும்னு சொல்லிரும். அப்படிச் சொல்லிட்டா நிழல் விழுந்துருச்சுன்னு அர்த்தம். அதைப் பார்த்துத்தான் இப்ப ஆள் எடுக்கறாங்க."

"அப்ப இன்னும் ஒடையாத காலுக்கு இன்னைக்கே வேலை போயிருமா?"

"ஆமாண்ணே."

"சரி. கால் குறிக்கவும் மெஷின் இருக்குமே, நீ எதுக்கு?"

"வழுக்கினதா, தடுக்கினதா, நொண்டினதான்னு மெஷினுக்குச் சரியாப் பிரிக்கத் தெரியாது. அதுக்கு மனுஷக் கண்ணு வேணும்."

சுருளி தாடையைச் சொறிந்துகொண்டார். "அந்தப் பையன் எந்த ஊரு?"

"உசிலம்பட்டி."

"கபடி ஆடுனவனா?"

"தெரியலண்ணே. ஃபைல்ல இல்ல."

"நொண்டுனதும் அடுத்த ஓட்டம் எப்படி?"

நிறைமதி யோசித்தாள். "நல்லா... ரொம்ப நல்லா ஓடியிருக்கார்."

சுருளி எழுந்து பெஞ்சுக்கு வெளியே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். கரும்பலகைக்கு முன்னால் இரண்டு எட்டு நடந்தார். இடது கால் பாவமாக இழுத்துக்கொண்டு வந்தது. முகத்தில் அப்படி ஒரு வேதனை. மருந்துக்கடைக்காரர் பதறிப்போய், "ஏங்க, என்னாச்சு?" என்று கையை நீட்டினார். அடுத்த நொடி அந்தக் கை மேல் பட்டென்று ஒரு தட்டு; சுருளி கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க அவுட்டு" என்றார். "எங்க ஊரு கபடியில பாடிப் போறவன் பாதிப் பேரு இப்படித்தான் போவான். ரெண்டு ஆட்டத்துக்கு முந்தியே நொண்ட ஆரம்பிச்சுருவான். பிடிக்க நிக்கிறவன் அசந்துருவான்ல! இதப் போயி நாப்பத்தியோரு தடவ எழுதி வச்சியாம்மா?" பிறகு நினைவு வந்தவராக, "கேள்வியாத்தான் கேட்டேன் மேடம்" என்று ஆசிரியையைப் பார்த்தார்.

எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். நிறைமதியும் சிரிக்க முயன்றாள்.

*

சனிக்கிழமை ஒத்தக்கடை தாண்டி இருந்த மைதானத்துக்குப் போனாள். பந்து எறிகிற இயந்திரம் ஒன்றை நிறுத்தி வைத்துக்கொண்டு, வீரணன் தனியாக ஓடிப் பிடித்துக்கொண்டிருந்தான். நீண்ட கைகள். பந்து வரும் திசையைக் கடைசி நொடி வரை பார்க்காமல் ஓடி, சட்டென்று திரும்பி வாங்கினான்.

"யாரு மேடம்? பத்திரிகையா?"

"இல்ல. உங்க காலைக் குறிக்கிறவ. நிறைமதின்னு பேரு."

பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தான். "ஓ! என் முழங்காலை ஒடச்ச மகராசி நீங்கதானா? வாங்க, உக்காருங்க. பந்து வேணுமா, தலையில எறியறதுக்கு?"

"அந்த நொண்டல்... நடிப்பா?"

"பின்ன? கபடியில எங்க அண்ணன்மார்ட்ட கத்துக்கிட்டது. நாலு தடவ நொண்டுனா அஞ்சாவது தடவ கார்னர் ரெண்டடி முன்னாடி வந்து நிப்பான். இவனுக்குத்தான் காலு போச்சே, எங்கிட்டு ஓடப் போறான்னு நினைப்பான். அம்புட்டுத்தான் எனக்கு வேணும். விசில் அடிக்கையில நான் அவன் முதுகுக்குப் பின்னாடி இருப்பேன்."

"இதை யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொல்லாம இருப்பேனா? டாக்டர்ட்ட சொன்னேன், கோச்சுட்ட சொன்னேன். முழங்கால் கெட்டவன் எல்லாப் பயலும் இதத்தான் சொல்லுவான்னாங்க. ஒரு மேடம் நாப்பத்தியோரு தடவ கண்ணால பாத்து எழுதிருக்காங்க, அவங்களுக்கு உன் மேல என்ன பகையான்னு கேட்டாங்க. எனக்கும் பதில் தெரியல."

"ஸ்கேன் எடுத்துப் பாத்தா..."

"எடுத்தாச்சே. இன்னைக்கு நல்லாத்தான் இருக்காம். நிழல் சொல்றது அடுத்த வருஷத்த. அடுத்த வருஷத்த எந்த ஸ்கேன்ல போயி எடுக்க?"

நிறைமதி பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தாள். மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். "நான் தப்பாக் குறிச்சுட்டேன்னு திருத்த மனு போட்டா நிழலைத் திரும்ப ஓட்டுவாங்க. போடறதுக்கு முன்னால எனக்கே தெரியணும். கொஞ்சம் நடந்து காட்டுறீங்களா?"

அவன் கோட்டிலிருந்து கோடு வரை நடந்தான். அம்பு விட்டது போல் நேரான நடை.

"போதுமா?"

"போதாது" என்றாள். சொன்ன பிறகுதான் ஏன் என்று அவளுக்கே விளங்கியது. "நான் பாக்கும்போது நீங்க நடந்தா அதுக்கு மதிப்பு இல்ல. கார்னர் பாக்கும்போது நொண்டத் தெரிஞ்சவருக்கு, நான் பாக்கும்போது நேரா நடக்கத் தெரியாதா?"

வீரணனின் சிரிப்பு நின்றது. "இருபதாம் தேதி அவங்க வர்றாங்கக்கா. பதினோரு வயசுல ஆரம்பிச்ச ஓட்டம். நீங்க உக்காந்து மதிப்புப் போட்டு முடிக்கிறதுக்குள்ள பிளேன் ஏறிப் போயிருவாங்க." பந்தை இயந்திரத்தில் திணித்தான். மேடம் எப்போது அக்கா ஆனாள் என்பதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

*

அவள் ஞாயிறும் திங்களும் அந்த அறுபத்து மூன்று நடைகளை மறுபடி எடுத்தாள். இந்த முறை முதலில் வீரணனைப் பார்க்கவில்லை. எதிரில் நிற்கிற கார்னரின் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் குறித்தாள். அதை முடித்து, தாளை மூடி வைத்துவிட்டு, பிறகு வீரணனின் கால்களுக்கு வந்தாள். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் தனக்கு வேண்டியதைத்தான் பார்ப்போம் என்று பயம்.

பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தாள்.

கார்னர் பார்த்துக்கொண்டிருந்த நடைகள் நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றிலும் நொண்டல். கார்னர் வேறு பக்கம் திரும்பியிருந்த நடைகள் இருபத்திரண்டு. அவற்றில் இடது கால் ஒருமுறைகூட நொண்டவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவன் பாதியில் முதுகு காட்டினால் போதும், மூன்றாவது அடியில் கால் சரியாகிவிடும். திரும்பினால் மறுபடி இழுக்கும். ஓரிடத்தில் கார்னர் சந்தேகப்பட்டு இரண்டு முறை திரும்ப, வீரணன் இரண்டு முறை நொண்டலை எடுத்து மாட்டிக்கொண்டான். தனியாக உட்கார்ந்து நிறைமதி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவளுக்கு நிறுத்தத் தெரியாது. அதுதானே இத்தனைக்கும் காரணம்? யாரும் பார்க்காத அந்த இருபத்திரண்டு நடைகளை மட்டும் ஒவ்வொரு ஃப்ரேமாக நிறுத்தி, கால் தரையில் பட்ட நேரத்தை அளந்தாள். பத்தொன்பது நடைகளில் இரண்டு காலும் ஒரே மாதிரி. மூன்றில், வலது கால் தரையில் நிற்கும் நேரம் கொஞ்சம் குறைவாக இருந்தது. சூடான தரையில் கால் வைத்தால் எடுப்போமே, அப்படி. மூன்றும் கடைசி இரண்டு ஆட்டங்களில், ஆட்டம் முடியப் போகிற நேரத்தில்.

நாற்பத்தொரு முறை அவன் உலகத்துக்கு ஒரு காலைக் காட்டியிருந்தான். வலித்தது வேறு கால்.

"மூணுதான? விடுடி" என்றாள் நஸ்ரின். "மனுவுல நாப்பத்தியொண்ணு தப்புன்னு எழுது. பையன் பொழச்சுப் போவான். அந்த மூணை நீ முதல்ல குறிக்கவே இல்ல, இப்ப யாரு கேட்டா?"

"போன தடவையும் யாரும் கேக்கலதான்."

"அப்ப கேக்காததக் குறிச்சுத்தான் கெடுத்த. இப்ப மறுபடியும் அதத்தானே பண்ணப் போற?"

நிறைமதி அன்றைய பக்கத்தில் எழுதினாள்: 'பிழை இரண்டு. இல்லாததைக் குறித்தேன். இருந்ததை விட்டேன். எது பெரியது?'

பிரிவுத் தலைவர் இமானுவேல், மனுத் தாளை எடுத்துக் கொடுக்கும்போது கண்ணாடியைக் கழற்றினார். "போடறது உங்க உரிமை. ஆனா ஒரே ஆளுக்கு நாப்பத்தொரு திருத்தம்னா, முதல் நிலையிலருந்து மூணாவதுக்கு இறங்கிடுவீங்க. மாலை வகுப்பு சீட்டு கம்பெனி சீட்டு. செப்டம்பர் பரீட்சையோட அது போயிரும். தெரியும்ல?"

"தெரியும் சார்."

"பையன் உங்களுக்கு வேண்டியவரா?"

"சனிக்கிழமைதான் சார் முதல்ல பார்த்தேன்."

*

செவ்வாய்க்கிழமை மைதானத்தில் அவள் இரண்டு தாளையும் அவன் முன்னால் வைத்தாள். முதல் தாளைப் பார்த்ததும் வீரணன் ஒரு துள்ளு துள்ளினான். "நாப்பத்தியொண்ணுக்கு நாப்பத்தியொண்ணா! ஏக்கா, எனக்கே தெரியாது நான் இம்புட்டு ஒழுங்கா நடிச்சேன்னு. கையெழுத்துப் போடுங்க, போடுங்க."

"இன்னொரு தாள் இருக்கு."

படித்தான். அவன் உதடு அசைவது நின்றது. சுற்றிலும் ஒருமுறை பார்த்தான், கார்னர் யாராவது நிற்கிறானா என்பது போல.

"எப்பலருந்து?" என்று கேட்டாள்.

"கோயமுத்தூர் ஆட்டத்துலருந்து. விழுந்ததுல கணுக்கால் லேசா மடங்குச்சு. ஒண்ணுமில்ல அது."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"ஒண்ணுமில்லைங்கறேன்ல! சொன்னா ஆறு வாரம் உக்கார வச்சுருவாங்க. இருபதாம் தேதி முடியட்டும், நானே சொல்றேன்." குரல் இறங்கியது. "நீங்க நாப்பத்தியொண்ண மட்டும் எழுதுங்கக்கா. அது உண்மைதான?"

"உண்மைதான்."

"அப்புறம் என்ன?"

"மெஷினுக்கு இது தெரியாம, இருபதாம் தேதி நீங்க அம்பது தடவ வெட்டித் திரும்பி ஓடி, அங்க வச்சே அந்துருச்சுன்னா? அப்ப நான் எழுதுன தாளை நானே எப்படிப் பாப்பேன்? ரெண்டையும் எழுதறேன். இல்ல, எதையும் எழுதல. நீங்க சொல்றதுதான். உங்க காலு."

"இல்லாத நொண்டலுக்கு ஒருதடவ ஒடச்சீங்க. இருக்கற நொண்டலுக்கு ரெண்டாவது தடவ ஒடைக்க வந்திருக்கீங்க." பந்தைத் தரையில் அடித்தான். முட்டை வடிவப் பந்து அவன் நினைக்காத பக்கம் எகிறிப் போய் வேலியில் மோதியது. அவன் எடுக்கப் போகவில்லை. உடை மாற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவள் அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, பந்தை எடுத்து வந்து கதவருகே வைத்துவிட்டுப் போனாள். புதன் சுதந்திர தின விடுமுறை. தெருவெல்லாம் கொடி. நிறைமதி மனுத் தாளை நாலு விதமாக எழுதிப் பார்த்து நாலையும் கிழித்தாள். அவனிடம் முடிவை விட்டது நியாயமா, கோழைத்தனமா? அதற்கும் ஒரு கேள்விக்குறி.

வியாழக்கிழமை காலை அலுவலக வாசலில், காவலாளியின் ஸ்டூலில் வீரணன் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"அன்னைக்கு அந்த ரூமுக்குள்ள நடந்து பாத்தேன்க்கா. கதவு சாத்தியிருக்கு. கார்னர் இல்ல, கேமரா இல்ல, நீங்களும் இல்ல. இந்தச் செவத்துலருந்து அந்தச் செவத்துக்கு." கையால் அளந்து காட்டினான். "இருபது தடவ. வலது காலு பைய, பூனை மாதிரித்தான் விழுது. யாருக்கு நடிக்கிறேன் நான் அங்கன? ரெண்டையும் எழுதுங்க."

"இருபதாம் தேதி..."

"எழுதுங்கன்னா எழுதுங்கக்கா. யோசிச்சா மாத்திச் சொல்லிருவேன்."

*

வெள்ளிக்கிழமை காலை நிழலைத் திரும்ப ஓட்டினார்கள். மூன்று மணி நேரம் ஆனது. இமானுவேலின் அறையில் வீரணன், நிறைமதி, வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு வந்து கதவோரம் நின்ற நஸ்ரின். இடது முழங்காலைப் பற்றிய பக்கம் வெறுமையாக வந்தது. வலது கணுக்கால் பக்கத்தில் இரண்டு வரி: இப்படியே ஆடினால் டிசம்பருக்குள் தசைநார் அறும். ஆறு வாரம் ஓய்வும் சிகிச்சையும் எடுத்தால் ஒன்பது, பத்து வருடம் தாங்கும்.

"பத்து வருஷமா?" வீரணன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இருபதாம் தேதி முடியாது தம்பி" என்றார் இமானுவேல். "ஆனா ஜனவரியில மறுபடி வர்றாங்க. மதுரை டீமுக்கு இந்த அறிக்கை இன்னைக்கே போயிரும். அவங்க உங்களைத் திரும்ப எடுக்காம இருக்கக் காரணம் இல்ல. நிழலோட ஆட்டத்தைப் பாக்கறீங்களா? எல்லாரும் கேப்பாங்க."

சுவரில் ஒரு சாம்பல் நிற மைதானம் விரிந்தது. முகமில்லாத சாம்பல் உருவங்கள். ஒன்றின் முதுகில் 84. பந்து கிளம்பியது, ஓடியது, விழுந்தது, விசில். நிழல் தன் இடத்துக்குத் திரும்பி நடந்தது.

இடது காலை இழுத்துக்கொண்டு நடந்தது.

"ஐயையோ" என்றார் இமானுவேல். "முழங்கால்தான்! நீங்க குறிச்சது முதல்லயே சரியா இருந்திருக்கு நிறைமதி. மனுவை நிறுத்தணும்..."

ஆனால் வீரணன் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். "சார், சார், அங்கிட்டுப் பாக்காதீங்க. எதிர்ல நிக்கிறவனப் பாருங்க!"

சாம்பல் நிறக் கார்னர் இரண்டடி முன்னால் வந்து நின்றிருந்தான். பந்து கிளம்பியது. நொண்டி நிழல் இருந்த இடத்தில் இல்லை. கார்னரின் முதுகுக்குப் பின்னால் முப்பது கஜத்தில் கையை நீட்டிப் பந்தை வாங்கிக்கொண்டிருந்தது.

யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கார்னர் பார்த்தபோது நொண்டல், பார்க்காதபோது இல்லை என்று நிறைமதி குறித்த இரண்டு தாளிலிருந்து அதுவே எடுத்துக்கொண்டது. இயந்திரம் இத்தனை நாளாக உடம்பை மட்டும் கணித்திருந்தது. இப்போதுதான் முதல் தடவையாக அந்த உடம்புக்குள் ஒரு ஆள் இருந்தான்.

"கடைசி வருஷத்தப் போடுங்க சார்" என்றான் வீரணன்.

பத்தாவது வருடத்தில் நிழல் நொண்டியபோது எந்தக் கார்னரும் அசையவில்லை. எல்லாருக்கும் தந்திரம் தெரிந்துபோயிருந்தது. நிழல் நாலு தடவை நொண்டிப் பார்த்தது. ஐந்தாவது தடவை நேராக நடந்து போய் நின்றது. உண்மையிலேயே வலிக்கிறதோ, மறைக்கிறானோ என்று குழம்பிப்போன கார்னர் இரண்டடி முன்னால் வந்தான்.

"அடப் பாவி" என்றான் வீரணன் மெதுவாக. "இது எனக்குத் தோணவே இல்லையே."

சிரிப்பு அடங்கியதும் இமானுவேல் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார். "விசிலுக்குப் பிறகான நடையை இவருக்கு மட்டும்தான் குறிச்சீங்களா?"

நிறைமதி இந்தக் கேள்விக்காகத்தான் வாரம் முழுக்கக் காத்திருந்தாள். "இல்ல சார். ஜூன்லருந்து என் கைக்கு வந்த எல்லாருக்கும். இவரை விட்டா பதினேழு பேர்."

"அதுல எத்தனை பேருக்கு நிழல் விழுந்திருக்கு?"

"ரெண்டு பேருக்கு."

நஸ்ரின் கதவோரத்திலிருந்து வந்து, அவள் தோளில் கை வைத்தாள்.

*

அன்று மாலை வகுப்பில் நிறைமதி வாரம் முழுவதையும் படித்தாள். மூன்றாம் நிலைக்கு இறங்கியதையும், செப்டம்பருக்குப் பிறகு தன் இடம் போய்விடும் என்பதையும் சேர்த்தே படித்தாள். படித்து முடித்தபோது, தபால்காரர் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். தெய்வானை ஒரு பார்வை பார்த்தார், அவர் வாயை மூடிக்கொண்டார்.

"கேள்வி இருக்கா யாருக்காவது?"

மருந்துக்கடைக்காரர், "அந்தத் தம்பி இப்ப எங்க?" என்று கேட்டார். இன்று மத்தியானம் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டாச்சு, ஆறு வாரம் எண்ணச் சொல்லி என்னிடம் ஒரு காலண்டர் கொடுத்திருக்கிறார் என்றாள். சுருளி கையைத் தூக்கினார். "செப்டம்பருக்கு அப்புறமும் அந்தக் கடைசி பெஞ்சு காலியாத்தான் கிடக்கும். அதுல யாராவது வந்து உக்காந்தா காலேஜால என்ன பண்ண முடியும்னு கேக்கலாமா மேடம்?" என்றார். ஆசிரியை வருகைப் பதிவேட்டில் எதையோ எழுதிக்கொண்டார். நிறைமதியின் பெயரை அடித்த மாதிரித் தெரியவில்லை.

பிறகு தெய்வானையே ஒரு கேள்வி கேட்டார். "நாளைக்கு என்ன செய்யப் போறீங்க?"

நிறைமதி அதை முன்பே எழுதி வைத்திருந்தாள். பக்கத்தின் அடியில், கேள்விக்குறி இல்லாமல். அதைப் படித்தாள்.

'18 ஆகஸ்ட், சனி. திருநெல்வேலி அணி, 17-ஆம் எண். ஜூலை மாதம் வெளியே அனுப்பப்பட்டவர். விசிலுக்குப் பின் நடைகள் முப்பத்தொன்று. காலை ஏழு மணிக்குத் தொடங்க வேண்டும். முதலில் எதிரில் நிற்பவர் எங்கே பார்க்கிறார் என்று மட்டும் குறிக்க வேண்டும். கால்களைப் பிறகு பார்க்க வேண்டும்.'